தலை தேய்ந்த ஸ்க்ரூ

கௌசல்யாவின் மேல் ஷமாவுக்குப் பொறாமை என்று யாராவது சொன்னால் ஷமா சிரித்துவிடுவாள். "போலீஸ்காரி மேல எனக்கென்ன பொறாமை? பந்தோபஸ்து பந்தோபஸ்துன்னு வெயில்ல நின்னு மூஞ்சி கருத்துப்போயிக் கெடக்கா" என்பாள். ஆனால் கௌசல்யா வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்தால் முதல் ஆளாகப் பார்ப்பது அவள்தான். பார்த்தது கௌசல்யாவுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகப் போனில் அதற்கான வசதியை அணைத்தும் வைத்திருந்தாள்.

ஷமாவுக்கு முப்பத்துமூன்று வயது. பேகம்பூரில் முனீர் நடத்தும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். முனீர் தூரத்து உறவில் அவளுக்கு மாமா முறை. அவர் முன்னால் உட்கார்ந்து கண் சோதிப்பார். பின்னால், மேசை விளக்கின் கீழ் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பூட்டுவது ஷமாவின் வேலை. எரியோட்டிலிருந்தும் வேடசந்தூரிலிருந்தும் நூல் சுற்றிய கண்ணாடியோடு ஆட்கள் வருவார்கள். கடுகைவிடச் சின்ன ஸ்க்ரூ துருப்பிடித்து, தலை தேய்ந்து, யார் திருகினாலும் அசையாமல் இருக்கும். ஷமா அதை உதட்டைக் கடித்தபடி ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுவாள். "நம்ம ஷமா கைக்கு வராத ஸ்க்ரூ இன்னும் செய்யல" என்று முனீர் வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்வார்.

அந்தக் கை ஒரு காலத்தில் வேறு வேலை செய்தது. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது ஷமா துப்பாக்கி சுட்டாள். தரையில் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி அவள் சுட்டால் ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம் போல நெருக்கமாக விழும். இரண்டாவதாக வந்தவள் அகரத்துக்காரி கௌசல்யா. பூ விவசாயி காமராஜின் மகள். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். மூன்றாம் வருடம் மாநில அணிக்கான பத்து நாள் முகாமுக்குக் கல்லூரியிலிருந்து ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஷமாவின் பெயர் வந்தது. அதே பத்து நாளுக்குள் அவளுக்கு நிக்காஹ் தேதியும் குறித்திருந்தார்கள். ஷமா போகவில்லை. அவள் இடத்தில் கௌசல்யா போனாள்.

அந்த முகாமில் வாங்கிய சான்றிதழ் கௌசல்யாவுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலையாக மாறியது. பிறகு அவள் பத்து மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு மாறினாள். மண்டலம், மாநிலம் என்று போனாள். ஒவ்வொரு படியிலும் ஒரு புகைப்படம் எடுத்துப் போட்டாள். ஒவ்வொரு புகைப்படத்தையும் ஷமா விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். அந்த ஜாக்கெட், அந்தக் கண்ணாடி, கழுத்தில் தொங்கும் பதக்கம், எல்லாமே முகவரி மாறிப் போய்ச் சேர்ந்தவை என்று அவளுக்குத் தோன்றும். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய் வேலையில்லாத வேலையைச் செய்வாள்.

போன தை மாதம் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் கௌசல்யாவின் பேட்டி வந்தது. "கல்லூரியிலேயே துப்பாக்கி சுடுதலில் நான்தான் முதலிடம்" என்று அதில் இருந்தது. கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த முனீர், "உன் கூட்டாளி புள்ளயா இது? பெரிய ஆளாயிருச்சே!" என்று நீட்டினார். ஷமா படித்தாள். மடித்துக் கொடுத்தாள். அன்று அவள் கையில் ஒரு லென்ஸ் விளிம்பு தெறித்தது. ஒன்பது வருடத்தில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கறுப்புப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கௌசல்யா கடைக்குள் வந்தாள்.

"ஷமா, எனக்கு ஒரு உசுரு போற காரியம்டி."

"வா. உக்காரு. என்ன, கண்ணு கிண்ணு மங்குதா?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. இதப் பாரு."

பெட்டியைத் திறந்தாள். உள்ளே நுரைத் திண்டில் பதித்து அந்த ஏர் பிஸ்டல் இருந்தது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. ஷமா அதைப் புகைப்படத்தில் நூறு தடவை பார்த்திருக்கிறாள். நேரில் பார்ப்பது இப்போதுதான். கைப்பிடி மட்டும் அக்ரூட் மரம். கட்டைவிரலுக்கு ஒரு பள்ளம், உள்ளங்கைக்கு ஒரு மேடு என்று கைக்கு ஏற்றபடி செதுக்கியிருந்தது.

"பிடி ஆடுது" என்றாள் கௌசல்யா. "வெள்ளிக்கிழமை திருச்சியில மாநில அணி செலக்சன். நாளான்னைக்கு காலையில கெளம்பணும். இப்பப் போயி ஆடுது."

கைப்பிடியின் அடியில் ஒரு ஆழமான துளை. அதற்குள்ளே ஒற்றை ஸ்க்ரூ. ஆறு மூலைச் சாவி போட்டுத் திருகுவது. ஷமா டார்ச்சை அடித்துப் பார்த்தாள். ஆறு மூலையும் தேய்ந்து குழி வட்டமாகியிருந்தது.

"யாரு இந்த வேல பாத்தது?"

"நாந்தான். ஆடுதேன்னு இறுக்கப் போனேன். கட்டிலு பூட்டுற சாவி ஒண்ணு வீட்ல கெடந்துச்சு. ரெண்டு திருகு திருகுனேன், வழுக்கிருச்சு. ஸ்க்ரூ இறுகவும் மாட்டேங்குது, கழலவும் மாட்டேங்குது."

விஷயம் ஷமாவுக்கு உடனே புரிந்தது. பழைய ஆள் ஸ்க்ரூ கழன்றுவிடாமலிருக்க மரையில் பசை விட்டிருக்கிறார். இரண்டு கோடையில் மரம் காய்ந்து சுருங்கிவிட்டது. ஸ்க்ரூ இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டது. அதற்கும் மரத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழுந்திருக்கிறது. அந்த மயிரிழைதான் ஆட்டம். பசையை இளக்கி, ஸ்க்ரூவை எடுத்து, புதிதாக ஒன்றைப் போட்டு இறுக்கினால் தீர்ந்தது.

"மதுரைக்குப் போனேன், கிரைண்டர் வச்சு அறுக்கணுங்கிறாங்க. அறுத்தா மரம் போச்சு. அப்பறந்தான் உன் நெனப்பு வந்துச்சு" என்றாள் கௌசல்யா. பிஸ்டலின் அடியிலிருந்த காற்றுக் குழலை மட்டும் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். குண்டு எதுவும் உள்ளே இல்லை என்று திறந்தும் காட்டினாள். "இது இல்லாட்டி அது வெறும் இரும்புதான். நான் பூ மார்க்கெட்ல அப்பாவப் பாத்துட்டு ஒரு மணி நேரத்துல வாரேன். பாத்துப் பண்ணுடி. உன்னைய நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

அவள் போனதும் முனீர் லுஹர் தொழுகைக்குக் கிளம்பினார். கடையில் ஷமாவும் பிஸ்டலும் மட்டும்.

ஷமா முதலில் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். வலது கையை நீட்டி, கண் சோதிக்கும் பலகையின் கடைசி வரிசை எழுத்து ஒன்றுக்குக் குறி வைத்தாள். கை நடுங்கவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்தும் நடுங்கவில்லை. இந்தக் கை இங்கே உட்கார்ந்து அடுத்தவர் கண்ணாடிக்குக் காது மாட்டிக்கொண்டிருக்க, தனக்கு அடுத்தபடியாக வந்தவள் பேப்பரில் முதலிடம் என்கிறாள்.

அவள் பிஸ்டலைத் துணி சுற்றிய சின்ன வைஸ் கவ்வியில் பூட்டினாள். ஒரு ரப்பர் துண்டை ஸ்க்ரூ தலையில் வைத்து அதன்மேல் சாவியை அழுத்தித் திருகிப் பார்த்தாள். பிடிக்கவில்லை. அலுமினியத் தாளைக் குழலாகச் சுருட்டித் துளைக்குள் செருகினாள், மரத்தில் சூடு படாமலிருக்க. சால்டரிங் அயர்னைச் சூடாக்கி அதன் நுனியை ஸ்க்ரூ தலையில் வைத்து நிமிடத்தை எண்ணினாள். ஒன்று. இரண்டு. பசை இளகும் கருகல் வாசனை வந்தது. எடுத்துவிட வேண்டிய நேரம். அவள் எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் வைத்தால் என்ன? மரம் கருகும். உள்ளே ரப்பர் வளையம் ஏதாவது இருந்தால் உருகும். யாருக்குத் தெரியப்போகிறது? முயற்சி பண்ணினேன், போய்விட்டது என்றால் முடிந்தது. மர வாசனை லேசாகக் கிளம்பியபோதுதான் வெடுக்கென்று எடுத்தாள். துளையின் உள்விளிம்பில் ஒரு நகக்கண் அளவு பழுப்பு ஏறியிருந்தது.

கௌசல்யாவின் பொருள் என்பதற்காக அல்ல அவள் அயர்னை எடுத்தது. ஒரு வேலையைக் கெடுப்பது அவள் கைக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

நட்சத்திர முனையுள்ள பிட்டுகளில் குழியைவிட ஒரு பொட்டுப் பெரியதாகத் தேர்ந்தெடுத்தாள். அதைக் குழியில் நிறுத்திச் சின்னச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினாள். பிட்டு இரும்பைக் கடித்துக்கொண்டு இறங்கியது. பிட்டின் மேல் திருப்புளிக் கைப்பிடியை மாட்டி இடப்பக்கமாக மெல்லத் திருகினாள். 'க்ரீச்' என்று ஒரு சத்தம். ஸ்க்ரூ அசைந்தது. ஒன்பது சுற்றில் கழன்று அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

எடுத்துவிட்டாள். இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

சூடு இன்னும் இறங்காத அந்த ஸ்க்ரூவை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதே ஸ்க்ரூவை அதே துளைக்குள் விட்டு, ஒன்பது சுற்று எண்ணித் திருகினாள். முன்பு எப்படி ஆடியதோ அப்படியே ஆடும்படி விட்டாள். பிட்டைப் பிடுங்கி டப்பாவில் போட்டாள். பெட்டியை மூடினாள்.

கௌசல்யா மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது ஷமா ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வந்துச்சா?"

"ஏலாதுடி. எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன். அசைய மாட்டேங்குது."

கௌசல்யா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள், அழுவாள் என்று ஷமா எதிர்பார்த்தாள். அவளோ பெட்டியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, "சரி விடு. உன் கையிலேயே வரலன்னா யாரு கையிலயும் வராது. ஆட்டத்தோடயே சுட்டுப் பாத்துக்கறேன்" என்றாள். எழுந்து போகும்போது, "ரெண்டு பேரும் எம்புட்டு நாளாச்சுடி பாத்து" என்று ஷமாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் ஷமாவின் கணவன் நிஹால், தோல் மண்டியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். மகள் ட்யூஷனுக்குப் போயிருந்தாள். டீயை நீட்டியபடியே ஷமா சொல்லிவிட்டாள். ஸ்க்ரூ வந்ததையும், திரும்பப் போட்டதையும்.

நிஹாலுக்கு முதலில் புரியவில்லை. "வந்துருச்சுன்னா எதுக்குத் திரும்பப் போட்ட?"

"அவ அங்க போயி நிக்கக் கூடாதுன்னு."

அவன் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தான். "அவ உனக்கு என்னம்மா பண்ணுனா?"

"அது என் இடம் மச்சான். நிக்காஹ் மட்டும் அப்ப வைக்காம இருந்திருந்தா..."

இந்த வாக்கியத்தைப் பன்னிரண்டு வருடமாகப் பலரிடம் சொல்லியிருக்கிறாள். இவனிடம் சொன்னதில்லை.

நிஹால் கோபப்படவில்லை. டீயைக் குடித்துவிட்டு நிதானமாகக் கேட்டான். "உங்க அத்தா அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்து தேதிய ஒரு மாசம் தள்ளி வைக்கலாமான்னு கேட்டாரு. நாங்க சரின்னுதான் சொன்னோம். அப்பறம் நீதான் வேணாம்னு சொல்லிட்டியாம். இதெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கா இல்லையா?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. அத்தா வந்து, "கேம்ப் முடிஞ்சு வச்சுக்குவமாம்மா? அவங்க ஒத்துக்கிட்டாங்க" என்று கேட்டார். அவள்தான் தலையைக் குனிந்துகொண்டு, "இல்லத்தா, வச்ச தேதியிலயே நடக்கட்டும்" என்றாள். நிஹாலின் போட்டோவை அதற்குள் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருந்தாள். ஒரு மாதம் தள்ளினால் இவன் கைநழுவிப் போய்விடுவானோ என்று ஒரு பயம். இருபத்தொரு வயதுப் பெண்ணுக்கு வரக்கூடிய பயம்தான். ஆனால் கௌசல்யாவிடம், "வீட்ல விட மாட்டேங்குறாங்கடி" என்று அழுதாள். அதைச் சொல்லிச் சொல்லி, காலப்போக்கில் தானும் நம்பிவிட்டாள்.

"காலையில அகரம் போயிட்டு வந்துர்றேன்" என்றாள்.

"போயிட்டு வா. பாப்பாவ நான் ஸ்கூல்ல விட்டுக்கறேன்" என்றான் நிஹால். கொஞ்சம் பொறுத்து, "அவ அடிச்சாலும் வாங்கிக்க. போலீஸ்காரி" என்றான்.

புதன்கிழமை காலை, ஹார்டுவேர் கடை திறக்கும்வரை காத்திருந்து அளவான புதிய ஸ்க்ரூ ஒன்றும் அதற்கேற்ற சாவியும் வாங்கிக்கொண்டு, டவுன் பஸ் ஏறி அகரத்தில் இறங்கினாள் ஷமா. காமராஜின் தோட்டத்தில், பறித்த பூவைக் கொட்டி மூட்டை பிடிக்க ஒரு நீளமான தகரக் கொட்டகை இருந்தது. கௌசல்யா பயிற்சி எடுப்பது அங்கேதான். ஒரு கோடியில் விளக்கும் குறி அட்டையும் வைத்த இரும்புப் பெட்டி. பத்து மீட்டர் தள்ளித் தரையில் ஒரு வெள்ளைக் கோடு. கொட்டகை முழுக்க மல்லிகையும் சம்பங்கியும் கலந்த வாசனை.

கௌசல்யா கோட்டில் நின்றிருந்தாள். ஷமாவைப் பார்த்ததும் பிஸ்டலை மேசையில் வைத்தாள். வா என்று சொல்லவில்லை.

"நேத்துச் சாயங்காலம் முப்பது ஷாட்டு சுட்டேன்" என்றாள். "முப்பதாவதுல பிடி கழண்டே வந்துரும் போல ஆடுது. அசையாத ஸ்க்ரூ தானா எப்படிடி லூஸாகும்?"

ஷமாவின் கை பைக்குள் கிடந்த புது ஸ்க்ரூவைத் தேடியது.

"டார்ச் அடிச்சுப் பாத்தேன். குழிக்குள்ள நட்சத்திரம் மாதிரி தடம். பக்கத்துல சுட்ட கறுப்பு. நான் போலீசுடி. களவாணிக இதவிட ஒழுங்காப் பொய் சொல்லுவாங்க."

"வந்துருச்சு. நாந்தான் திரும்பப் போட்டேன்" என்றாள் ஷமா. "இப்ப மாத்திக் குடுக்கத்தான் வந்தேன். புது ஸ்க்ரூ கொண்டாந்திருக்கேன்."

"எதுக்குப் பண்ணுன?"

"பேப்பர்ல நீதான் முதலிடம்னு சொல்லியிருந்த."

"அதுக்கா?"

"நான் ஒருத்தி இருந்தேன்ல?"

கௌசல்யாவின் முகம் சிவந்தது. "இருந்த. நல்லாத்தான் சுட்ட. யாரு இல்லன்னா? கேம்ப்புக்கு நீ வரல. வராதவ எப்படிடி முதல்ல வருவா? அந்தப் பத்து நாளும் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு தெரியுமா? நம்ம என்.சி.சி. சாரு ஒவ்வொரு நாளும் 'ஷமா வந்திருந்தா இப்படிச் சுடாது, ஷமா வந்திருந்தா இப்படி நிக்காது'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. சாப்பிடும்போதும் ஷமா, தூங்கும்போதும் ஷமா. இன்னைக்கு வரைக்கும் கோட்டுல நின்னா உன் நெனப்புதான் முதல்ல வரும். ஷமா இருந்தா எம்புட்டு வாங்கியிருப்பான்னு."

வெளியே மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

ஷமா மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். கௌசல்யா காற்றுக் குழலைக் கழற்றிவிட்டுப் பிஸ்டலை அவள் பக்கம் தள்ளினாள். இரண்டே நிமிட வேலை. கடையிலிருந்து கொண்டுவந்த நட்சத்திர பிட்டுக்குப் பழைய ஸ்க்ரூ வந்தது. மரைக்குள் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டி ஊதினாள். புது ஸ்க்ரூவின் தலைக்கடியில் மெல்லிய வளையம் ஒன்று போட்டு, மரம் நெரிபடாத அளவுக்கு இறுக்கினாள். பிடியை ஆட்டிப் பார்த்தாள். பாறையைப் போல நின்றது. கருகிய விளிம்பையும் அரத்தால் தேய்த்துவிட்டாள்.

"ஆச்சு" என்று எழுந்தாள்.

"நில்லு" என்றாள் கௌசல்யா. குழலை மாட்டி, ஒரு மிளகளவு ஈயக் குண்டைப் போட்டு, பிஸ்டலை மேசையில் வைத்தாள். "பத்து ஷாட்டு சுடு."

"வேணாம்டி."

"சுடு. உனக்கும் தெரியணும், எனக்கும் தெரியணும்."

ஷமா துப்பட்டாவை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு கோட்டில் நின்றாள். இடது கையை இடுப்பில் ஊன்றி, வலது கையை நீட்டினாள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினாள். விசையை அழுத்தினாள். கௌசல்யா மேசையிலிருந்த தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்தாள்.

"பத்து" என்றாள். தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஷமாவின் உடம்பு முழுக்க ஒரு சூடு ஓடியது. இதுதான், இதுதான் என்று உள்ளே யாரோ கத்துவது போலிருந்தது.

இரண்டாவது ஒன்பது. மூன்றாவது ஆறு. அதற்குள் தோள் வலிக்க ஆரம்பித்தது. கடையில் கண் சோதிக்கும் பலகைக்கு ஒரு கணம் நீட்டியபோது தெரியாத கனம் இப்போது தெரிந்தது. எட்டு. ஐந்து. ஏழு. பிஸ்டல் நுனியிலிருந்த முன்குறி நீர்மேல் மிதப்பது போல ஆடியது. அவசரப்பட்டு விசையைப் பிடுங்கினாள். நாலு. பிறகு எட்டு, ஆறு, ஏழு.

"எழுபது" என்றாள் கௌசல்யா. "நூத்துக்கு எழுபது."

ஷமா திரும்பிப் பார்த்தாள். கௌசல்யாவின் தோள்கள் இறங்கியிருந்தன. வெகு நாள் தூக்கிக்கொண்டிருந்ததை இறக்கி வைத்தவள் போல நின்றாள். சிரிக்காமலிருக்க அவள் படும் பாடு ஷமாவுக்குத் தெரிந்தது. பிறகு அவள், "நீ சுட்டது ரைபிளு. இது வேற. படுத்துச் சுடுறதும் நின்னு சுடுறதும் ஒண்ணா?" என்றாள்.

அந்த ஆறுதல்தான் ஷமாவுக்குத் தாங்கவில்லை. எழுபதைக்கூட விழுங்கிவிடலாம். "நீ சுடு, பாக்கறேன்" என்றாள்.

கௌசல்யா சுட்டாள். அவசரமில்லாமல், ஒவ்வொரு தடவையும் கையை இறக்கி, வேண்டாம் என்று தோன்றினால் சுடாமலே திரும்ப ஏற்றிச் சுட்டாள். மூன்றாவது ஷாட்டுக்கு மட்டும் நாலு தடவை ஏற்றி இறக்கினாள். தொண்ணூற்றிரண்டு. ஷமா தொலைநோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இது யாரோ விட்ட இடத்தில் தானாக வந்து விழுந்ததல்ல என்பது தெளிவாகத் தெரிந்தது. தெரிந்ததும் பொறாமை குறையும் என்று நினைத்தால், கூடத்தான் செய்தது. இத்தனை நாள் திருட்டுப்போன பொருளைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். இப்போது அடுத்தவள் உழைத்துச் சேர்த்ததைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதாகிவிட்டது.

காமராஜ் உள்ளே வந்து, "யாரு, பேகம்பூரு புள்ளயா? எம்புட்டு வருசமாச்சு! இந்தா, பூ கொண்டு போ" என்று வாழையிலையில் மல்லிகையைக் கட்டிக் கொடுத்தார். கௌசல்யா வாசல்வரை வந்தாள். "போயிட்டு வாரேன்" என்றாள் ஷமா. "ம்" என்றாள் கௌசல்யா.

வெள்ளிக்கிழமை முழுக்க ஷமா போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் வரவில்லை. சனிக்கிழமை காலை, போட்டி நடத்தியவர்கள் இணையத்தில் போட்ட முடிவுப் பட்டியலைத் தேடி எடுத்தாள். எட்டுப் பேர் அணிக்குத் தேர்வு. கௌசல்யாவின் பெயர் பதினொன்றாவதாக இருந்தது. அறுநூற்றுக்கு ஐந்நூற்று நாற்பத்தேழு.

அவளுக்குச் சந்தோஷம் வந்தது. அடுப்பில் உலை கொதிக்கக் கொதிக்க, அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். சந்தோஷம் வந்ததை அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அது போன பிறகுதான் பயம் வந்தது. தான் போட்ட ஸ்க்ரூ போட்டியின் நடுவில் கழன்றிருந்தால்? தன்னால்தான் என்றால்? அன்று பகலெல்லாம் நிஹால் என்ன கேட்டாலும் அவளுக்குக் காதில் விழவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கௌசல்யா கடைக்கு வந்தாள். காமராஜுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று முனீரிடம் சீட்டைக் கொடுத்துவிட்டு, பின்பக்கம் வந்து நின்றாள்.

"பட்டியலப் பாத்திருப்ப" என்றாள்.

"பாத்தேன். ஸ்க்ரூ..."

"ஸ்க்ரூவுக்கு ஒண்ணுமில்ல. பிடி கெட்டியாத்தான் இருந்துச்சு. அஞ்சாவது சீரிஸ்ல, அதான் கடைசிக்கு முந்தின பத்து ஷாட்டுல, பக்கத்து லேன்ல ஒரு பதினெட்டு வயசுப் புள்ள வரிசையாப் பத்து பத்தா வாங்குறா. அதப் பாத்துட்டேன். பாத்ததோட போச்சு. எனக்கு அவ மேல அப்பிடி வந்துச்சுடி" என்றாள் கௌசல்யா. என்ன வந்தது என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இருக்கவில்லை.

ஷமா சால்டரிங் அயர்னை அணைத்தாள். மனதில் பல நாளாக வைத்திருந்ததைக் கேட்டாள். "ஞாயித்துக்கெழம நான் அங்க வந்து சுடட்டுமா? உன் பிஸ்டல்லதான். குண்டு நான் வாங்கிட்டு வாரேன்."

கௌசல்யா மேசையிலிருந்த ஒரு ஃபிரேமை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வேணாம் ஷமா. தப்பா எடுத்துக்காத. நீ எழுபது சுட்டப்போ எனக்கு எம்புட்டு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? அன்னைக்கு அந்த மொதப் பத்துல எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. வாரம் வாரம் நீ வந்து பக்கத்துல நின்னா எனக்குக் கை ஓடாது."

ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள். ஷமாவுக்குக் கோபம் வந்தது, கூடவே பெருமையும் வந்தது. தன்னைப் பார்த்துப் பயப்பட இந்த உலகத்தில் ஒருத்தி இருக்கிறாள் என்று வீடு போகும்வரை நினைத்துக்கொண்டே போனாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் நிஹாலிடம் மதுரையில் ரைபிள் கிளப் எதுவும் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொன்னாள். இருந்தது. சித்திரையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் பஸ்ஸுக்குப் போகிறாள். அங்கே பழகுகிறவர்களுக்குக் கிளப்பின் பிஸ்டலையே கொடுக்கிறார்கள். ஞாயிறு மட்டும் நிஹால் சோறு வடிக்கிறான். குழைந்துதான் இருக்கும், மகளும் ஷமாவும் ஒன்றும் சொல்வதில்லை. முதல் மாதம் எழுபதைத் தாண்டவில்லை. பிறகு தோளுக்குக் கனம் பழகியது. வேண்டாமென்றால் சுடாமல் கையை இறக்கிக்கொள்ளவும் பழகினாள். ஆடி மாதத்தில் எண்பத்திரண்டு வந்தது.

ஆவணியில் ஒருநாள் கௌசல்யா யூனிஃபார்மோடு கடைக்கு வந்தாள். தன் கூலிங்கிளாஸ் காது உடைந்துவிட்டதாம். உடைந்த மாதிரி தெரியவில்லை, ஸ்க்ரூ மட்டும் லேசாகத் தளர்ந்திருந்தது. ஷமா இறுக்கிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு கௌசல்யா போகாமல் நின்றாள்.

"மதுரைக்குப் போறியாமே."

"ஆமா."

"எம்புட்டு வருது?"

"எண்பத்தேழு" என்றாள் ஷமா, ஐந்தைக் கூட்டி, கண்ணிமைக்காமல்.

கௌசல்யாவின் கண் ஒரு கணம் நிலைகுத்தியது. "பரவால்லயே" என்றாள். கூலிங்கிளாஸைப் போட்டுக்கொண்டு வெளியே போய் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணினாள். பிறகு அதை அணைத்துவிட்டுத் திரும்ப உள்ளே வந்தாள்.

"எத்தன மாசத்துல?" என்று கேட்டாள்.